கடல் எப்படி இருக்கு, சாமி?

(பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு – வானொலி மறையுரை. வாசகங்கள்: யோபு 7:1-4, 6-7, 1 கொரிந்தியர் 9:16-19, 22-23, மாற்கு 1:29-39)



பொங்கல் முடிந்த மறு வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. நூறு டிகிரியைக் கொஞ்சம் தாண்டியது. தொண்டை வலி, உடம்பு வலி. மருத்துவர் பார்த்துவிட்டு, "சளிக் காய்ச்சல்தான் ஃபாதர். மூன்று நாள் படுத்திருங்கள், கஞ்சி குடியுங்கள், சரியாகிவிடும்" என்றார். நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு வரும் காய்ச்சல்தான் அது. இதையெல்லாம் வானொலியில் வந்து சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய நற்செய்தியே ஒரு காய்ச்சலைப் பற்றியது என்பதால் சொல்கிறேன்.

மாற்கு நற்செய்தியாளர் இன்று நமக்கு ஒரு நாளின் கதையைச் சொல்கிறார். கப்பர்நாகும் ஊரில் ஓர் ஓய்வுநாள். காலையில் தொழுகைக்கூடம். அது முடிந்ததும் இயேசு தம் நண்பர்கள் சீமோன், அந்திரேயா வீட்டுக்குப் போகிறார். யாக்கோபும் யோவானும் கூட வருகிறார்கள். அங்கே சீமோனின் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். மாலையில் கதிரவன் மறைந்து ஓய்வுநாள் முடிந்ததும் ஊரே வாசலில் கூடுகிறது. மறுநாள் இருட்டோடு எழுந்து, ஆளில்லாத ஓர் இடத்துக்குப் போய் இயேசு இறைவேண்டல் செய்கிறார். ஒரு காய்ச்சல், ஒரு நண்பர் வீடு, விடியுமுன் தனியாய் ஒரு நடை. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் நடப்பதுதான். அந்தக் காய்ச்சலைப் பற்றி மத்தேயுவும் எழுதியிருக்கிறார், லூக்காவும் எழுதியிருக்கிறார். மூன்று பேரும் இதை விட்டுவிடவில்லை.

கலிலேயக் கடலோரத்தில் 1968ஆம் ஆண்டு முதல் பிரான்சிஸ்கன் சபையினர் அகழாய்வு செய்தபோது, பேதுருவின் வீடு என்று தொன்றுதொட்டு மதிக்கப்பட்ட இடத்தில், கருங்கல்லால் கட்டிய எளிய வீடுகளின் அடித்தளங்களைக் கண்டார்கள். தொழுகைக்கூடத்திலிருந்து அது சில நிமிட நடைகூட இல்லை. அந்த வீட்டின்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோண வடிவில் ஆலயம் எழுப்பினார்கள். ஒரு மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருந்த அறை, பின்னாளில் மக்கள் மண்டியிட்டு வேண்டும் இடமாயிற்று.

இப்போது என் காய்ச்சலுக்கு வருகிறேன்.

முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் ஒரு திருமணப் பதிவு, மாலையில் அன்பியக் கூட்டம், நடுவில் பள்ளிக் கணக்கு. பக்கத்துப் பங்குச் சாமியாரைத் திருப்பலிக்கு வரச்சொல்லிவிட்டுப் படுத்தேன். சமைக்கும் அக்கா புழுங்கலரிசிக் கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டு வந்து வைத்துவிட்டு, "இன்னைக்காவது சும்மா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். கோயில்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுகூட ஆகாத பையன். "எழுந்திருக்கணும்னா கூப்பிடுங்க சாமி" என்றார். தேவையில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டு முறை அப்படிச் சொன்னேன். மூன்றாவது முறை எழுந்தபோது தலை சுற்றியது. சுவரைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. குளியலறை வரை கூட்டிப் போய், திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குருவாயிருக்கிறேன். எத்தனையோ பேர் கையைப் பிடித்துச் செபித்திருக்கிறேன். என் கையை ஒருவர் பிடிக்க விடுவது எனக்கு எவ்வளவு கடினமாயிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

நற்செய்தியில் பாருங்கள். சீமோனின் வீட்டில் இயேசு நீண்ட செபம் எதுவும் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. அருகில் போனார், கையைப் பிடித்தார், தூக்கினார். மூன்றே செயல்கள். அந்தத் 'தூக்கினார்' என்ற இடத்தில் மாற்கு எழுதும் கிரேக்கச் சொல் 'எகெய்ரோ'. இதே நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், வெறுமையான கல்லறையில் பெண்களுக்கு இயேசுவின் உயிர்ப்பை அறிவிக்கும்போதும் இதே சொல்தான் வருகிறது. உயிர்ப்பின் சொல்லை மாற்கு ஒரு காய்ச்சல்காரப் பெண்ணின் பாய் அருகே முதலில் போட்டு வைத்திருக்கிறார். குருமடத்தில் இதைப் படித்தேன், தேர்விலும் எழுதினேன். ஆனால் கோயில்பிள்ளையின் கை என் முழங்கையின் கீழ் இருந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

இரண்டாம் நாள் இரவு தூக்கம் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இன்றைய முதல் வாசகத்தில் யோபு இரண்டு விதமாகப் புலம்புகிறார். இரவு நீள்கிறது, விடிவதாய்க் காணோம் என்கிறார். அடுத்த மூச்சில், என் நாள்கள் தறியில் ஓடும் நாடாவைவிட வேகமாய்ப் போய்விட்டன என்கிறார். தறி நாடா எவ்வளவு வேகம் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோடியர் மில், சவானா மில், பாரதி மில் என்று பஞ்சாலைகளை நம்பி வாழ்ந்த ஊர் இது. ஓடிக்கொண்டிருப்பவனுக்கு நாள் நாடாவைப்போலப் பறக்கிறது. படுக்கையில் கிடப்பவருக்கு இரவு நகர மறுக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன.

அந்த இரவில்தான் ஒரு கணக்குப் போட்டேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை, எங்கள் பங்கில் நடமாட முடியாத 23 பேருக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். ஏழு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் முடித்துவிடுவேன். முடித்துவிடுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இரண்டரை மணி நேரம், 23 வீடு. வழியில் போகும் நேரத்தையும் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஆறரை நிமிடம். என் கடிகாரத்தில் அது சரியான கணக்கு. படுத்திருப்பவர்களின் கடிகாரத்தில்? முதல் நாள் இரவே விரிப்பை மாற்றி, மேசையில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரி வைத்து, ஐந்து மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆறரை நிமிடம் என்றால் என்ன?

அப்போது ஒரு பெரியவரின் கேள்வி நினைவுக்கு வந்தது.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். உபதேசியாராகவும் இருந்தவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறார். நான் இந்தப் பங்குக்கு வந்து மூன்று ஆண்டு ஆகிறது. மாதம் தவறாமல் அவருக்கு நற்கருணை கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நற்கருணை வாங்கி, கண்மூடி இருந்துவிட்டு, நான் சிமிழை மூடும் நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "கடல் எப்படி இருக்கு, சாமி?"

நானும் ஒவ்வொரு முறையும், "நல்லா இருக்கு ஐயா" என்பேன். வயதானவர், ஏதோ கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். மூன்று ஆண்டுகள்.

பங்குக் குரு வீடுகளைச் சந்திக்க வேண்டும், மக்களின் கவலைகளில் பங்கெடுக்க வேண்டும், நோயுற்றோரைத் தனிப்பட்ட அன்போடு கவனிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 529 சொல்கிறது. சட்டப்படி நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஆண்டவரை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டு, நான் வாசலிலேயே நின்றிருக்கிறேன்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கையில் நற்கருணைச் சிமிழ் இல்லை. என்னைப் பார்த்ததும் மகள் பயந்துவிட்டார். "என்ன சாமி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே?" என்றார். சும்மாதான் வந்தேன் என்றேன். சும்மா வரும் சாமியாரை அந்த வீடு பார்த்ததில்லை. காபி வந்தது. உட்கார்ந்தேன். இந்த முறை கேள்வியை நான் கேட்டேன்: "ஐயா, நீங்க ஏன் கடலைப் பத்தியே கேக்குறீங்க?"

ஒரு மணி நேரம் பேசினார். வாய் சற்றே கோணியிருப்பதால் மெதுவாகத்தான் பேசுவார். நாற்பது ஆண்டுகள் தினமும் விடியுமுன் கடற்கரைச் சாலையில் நடந்தவர் அவர். பக்கத்து வீட்டு சொல்தா ஒருவரும் கூட வருவாராம். இருவரும் பழைய கலங்கரை விளக்கம் வரை நடந்து, கப்ஸ் கோயிலில் திருப்பலி பார்த்து, ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெத்தாங் ஆட்டம் பார்க்க நின்றுவிடுவார்களாம். செபமாலையில் பாதி நடையில் முடியும், பாதி சண்டையில் போகும் என்று சிரித்தார். அந்த நண்பர் இப்போது இல்லை. "வீட்டுலேருந்து கடல் பத்து நிமிஷம் சாமி. ஏழு வருஷமா நான் பாக்கல. யாராவது பாத்துட்டு வந்து சொன்னா போதும்னு இருந்துச்சு" என்றார்.

மகளைக் குறை சொல்லாதீர்கள். வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்த்து, அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் பெண் அவர். தனி ஆளாய் அவரைத் தூக்கி நாற்காலியில் வைக்க முடியாது. கப்பர்நாகும் வீட்டிலும் மாமியாரைப் பற்றி இயேசுவிடம் உடனே சொன்னது கூட இருந்தவர்கள்தான். நோயாளியைப் பற்றி நமக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க நாம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்குக் கோயில்பிள்ளையும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். பெரியவரின் கையைப் பிடித்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். மகள் கம்பளித் தொப்பியும் சால்வையும் போர்த்திவிட்டார். கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை ஏழரை வரை வாகனங்கள் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நடப்பவர்கள் சிலர் மட்டும் இருந்தார்கள். வானத்தில் இன்னும் நட்சத்திரம் இருந்தது. இன்றைய பதிலுரைப் பாடல் நினைவுக்கு வந்தது: உடைந்த உள்ளங்களுக்குக் கட்டுப்போடுகிறவரும், விண்மீன்களை எண்ணிப் பெயரிடுகிறவரும் ஒரே ஆண்டவர் என்று திருப்பாடல் 147 பாடுகிறது.

காந்தி சிலையைத் தாண்டி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே நாற்காலியை நிறுத்தினோம். கிழக்கு வெளுத்தது. பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாமி, மணல் திரும்பி வந்திருக்கே!" என்றார். கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

வெளியூர் நேயர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு காலத்தில் அகன்ற மணல்வெளி இருந்தது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தங்கியது. நகரத்துக் கரை கரைந்தது. கடல் சாலையைத் தின்றுவிடாமலிருக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். பிறகு 2018 வாக்கில் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் சேரத் தொடங்கியது. பெரியவர் கடைசியாகப் பார்த்தது பாறைகளை. நான் தினமும் அந்த மணலைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். "கடல் எப்படி இருக்கு" என்று 30 முறைக்கு மேல் கேட்டவரிடம், "ஐயா, மணல் வந்திருக்கு" என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

ஓரிடத்தில் கட்டிய சுவர் இன்னோரிடத்தில் மணலை இல்லாமல் ஆக்கும் என்று கட்டும்போது தெரிவதில்லை. என் அவசரமும் அப்படி ஒரு சுவர்தான். நல்ல காரணத்துக்காகத்தான் கட்டினேன். 23 வீட்டையும் முடிக்க வேண்டுமே! ஆனால் என்னைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய ஏதோ ஒன்று போய்ச் சேரவில்லை.

சகோதர சகோதரிகளே, பெரியவர் குணமாகிவிட்டார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் கை இன்னும் விழுந்துதான் இருக்கிறது. நம்மில் பலருடைய வேண்டுதல்களும் அப்படித்தான் நிற்கின்றன. கப்பர்நாகுமிலும் மறுநாள் காலையில் எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது, இயேசு அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டுவிட்டார். அன்று அந்த ஊரில் விடிந்தபோதும் யாராவது ஒருவர் நோயாளியாகவே எழுந்திருப்பார். ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். தூக்கப்பட்ட அந்த அம்மா அவர்களுக்குப் பணிவிடை செய்தார் என்று மாற்கு முடிக்கிறார். 'தியாக்கோனியா', திருத்தொண்டு என்ற சொல்லின் வேர் அங்கே இருக்கிறது. ஒருவர் கைப்பிடித்துத் தூக்கியதும், அவர் கை இன்னொருவருக்காக அசைகிறது.

வீடு திரும்பும் வழியில் பெரியவர் என்னிடம், "சாமி, அந்த 23 பேர் யார் யாருன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதில் சிலர் அவரிடம் படித்தவர்கள், சிலர் அவரோடு பாடற்குழுவில் இருந்தவர்கள். "எனக்கு வாய் கோணல்தான். ஆனா போன் பேச வருமே" என்றார். இப்போது தினமும் இரண்டு பேருக்குப் போன் செய்கிறார். பேரப்பிள்ளை எண்ணைப் போட்டுக் கொடுக்கிறான். என்ன பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் முந்தாநாள் முதல் வெள்ளியன்று நற்கருணையோடு போனபோது, நான்கு வீடுகளில் கடற்கரையில் மணல் வந்த கதையை எனக்கே சொன்னார்கள்! அன்று நான் ஒன்பதரைக்கு முடிக்கவில்லை. பதினொன்றரை ஆகிவிட்டது. வீட்டில் கஞ்சி ஆறிப்போய்விட்டது என்று சமைக்கும் அக்கா கோபித்துக்கொண்டார்.

வரும் 11ஆம் தேதி லூர்து அன்னையின் நினைவு நாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அந்த நாளை உலக நோயாளர் நாளாக அறிவித்தார். 1993 முதல் திருச்சபை அதைக் கொண்டாடி வருகிறது. வில்லியனூர் மாதா திருத்தலத்துக்குப் போக நம்மில் பலர் திட்டமிட்டிருப்போம். கட்டாயம் போவோம். போகும் முன்போ, வந்த பின்போ, நம் தெருவில் படுத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குச் சும்மா போய் உட்காருவோம். பழம் வாங்கிப் போனால் நல்லது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை. நேரம் கொண்டுபோங்கள். அவர் கேட்கும் கேள்வியைக் கேளுங்கள். அதே கேள்வியை மறுபடி கேட்டால், அதற்குள் வேறொன்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. யாருக்கும் பாரமாயிருக்கக் கூடாது என்று நினைத்து நீங்கள் கையை இழுத்துக்கொள்கிறீர்கள். நானும் இழுத்துக்கொண்டேன், அதுவும் மூன்று நாள் காய்ச்சலுக்கு! சீமோனின் மாமியாரின் கையை இயேசு பிடித்தார். பிடிக்க விடுவதும் விசுவாசம்தான்.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். யார் வந்தார், யார் போனார், எந்தக் கப்பல் வந்தது, எனக்கு உடம்புக்கு என்ன என்று நாள்தோறும் எழுதி வைத்தார். இன்று அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய அந்தச் சாதாரண நாள்கள்தான் நமக்கு உதவுகின்றன. புனித இஞ்ஞாசியார் இரவுதோறும் ஆன்ம சோதனை செய்யச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இந்த வாரம் படுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். இன்று என் கையைப் பிடித்தவர் யார்? நான் யார் கையைப் பிடித்தேன்? இன்று நான் பார்த்தும் பாராமல் போனது எது? இரண்டு நிமிடம் போதும். பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது சொல்வதற்கும் ஏதாவது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

செபிப்போம்.

அன்புத் தந்தையே, எங்கள் சாதாரண நாள்களையெல்லாம் உம்மிடம் ஒப்படைக்கிறோம். காய்ச்சலில் கிடக்கும்போது எங்கள் கையைப் பிடித்துத் தூக்கியருளும். நலமாய் எழுந்து நடக்கும்போது, நடக்க முடியாதவர்களை எங்களுக்கு நினைவூட்டும். படுக்கையில் விடிவுக்காகக் காத்திருக்கும் எல்லாருக்கும், அவர்களைப் பேணிக் களைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் உம் அமைதியைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. வணக்கம்.